மூன்று எல்லை நிலம்

அளக்க வந்த அன்று வயலில் இருந்தவர்கள் இவர்கள். சர்வேயர் சார். சங்கிலி இழுக்க அவர் கூட்டி வந்த ஆள். தலையாரி. நிலத்தை விற்கிற என் கொழுந்தன். வாங்க வந்த லெப்பைக்குடிக்காட்டு அம்மா. அந்த அம்மாவின் தம்பி. என் வீட்டுக்காரர். நான். என் மாமியார் அப்போது இல்லை. ஆட்டை ஓட்டிக்கொண்டு பிறகு வந்தார்.

கொழுந்தன் என்றால் என் வீட்டுக்காரரோடு கூடப் பிறந்தவர் இல்லை. என் மாமனாரும் அவர் அப்பாவும் அண்ணன் தம்பி. எறையூர் பக்கம் அவர்களுக்கு ஒரே துண்டாக இரண்டு ஏக்கர் நாற்பது சென்ட் இருந்தது. சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மேற்கே நாங்கள், கிழக்கே அவர்கள். நடுவில் வரப்பு. வரப்பின் வடக்கு முனையில் வண்டிப்பாதை ஓரம் ஒரு கல். தெற்கு முனையில் ஓடைக்கரையில் ஒரு கல். இரண்டும் சர்க்கார் நட்ட அத்துக்கல். அதை வைத்துத்தான் இது எங்களுது, அது அவர்களுது.

எங்கள் போர், ஆழ்துளைக் கிணறு, வடக்கு முனையில் இருந்தது. வரப்பிலிருந்து ஐந்தடி தள்ளி, மோட்டார் கொட்டகைக்குள். தொண்ணூற்றெட்டில் போட்டது. அதற்கு முன் மேற்கே இரண்டு இடத்தில் போட்டுப் பார்த்தோம். புழுதிதான் பறந்தது. மூன்றாவதாகத் தேங்காயை உள்ளங்கையில் வைத்து நடந்து பார்க்கிற ஒருவரைக் கூட்டி வந்தோம். அவர் வயல் முழுக்க நடந்தார். அந்த இடத்தில் தேங்காய் எழுந்து நின்றது. தண்ணீர் வந்தது. அதுவரைக்கும் மானாவாரிச் சோளம். அப்புறம் கரும்பு. பிள்ளைகள் படித்தது, கூரை மாறி ஓடு வந்தது, எல்லாம் அந்தத் துளையிலிருந்து வந்ததுதான்.

இரண்டாயிரத்து இரண்டில் கொழுந்தன் நிலத்தை விற்கிறேன் என்றார். பெரம்பலூரில் சைக்கிள் கடை வைக்கப் போகிறாராம். விவசாயம் அவருக்கு எப்போதும் கை வரவில்லை. வாங்க வந்த அம்மாவின் வீட்டுக்காரர் துபாயில் இருந்தார். அந்த அம்மா நிலத்தைச் சுற்றிப் பார்த்தார். மண்ணை எடுத்துப் பிசைந்து பார்த்தார். பிடித்திருக்கிறது என்றார். ஒன்றே ஒன்று கேட்டார்.

“அளந்து கல்லப் பாத்துட்டுத்தான் பத்திரம். அவங்க அனுப்புற காசு, அங்க வெயில்ல நின்னு சம்பாதிச்சது. நாளைக்கு ஒரு பிரச்சினைன்னு நான் போன்ல சொல்ல முடியாது.”

கொழுந்தன் சிரித்தார். “எங்களுக்குள்ள என்னங்க பிரச்சினை. வரப்பே இருக்கே.”

“இருக்கட்டும். அளந்துடுங்க.”

எனக்கு அப்போது பயம் ஒன்றும் இல்லை. வரப்பு நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறது.

மாசி மாதம் அளந்தார்கள். எங்கள் கரும்பு இடுப்புக்கு மேல் நின்றது.

சர்வேயர் சார் முதலில் வடக்குக் கல்லைத்தான் பார்த்தார். எங்கள் வீட்டில் மாட்டுப் பொங்கலுக்கு வயலில்தான் பானை வைப்போம். அந்தக் கல்லுக்குப் பக்கத்தில். கல்லுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, முதல் வாய் சோறு அதற்குத்தான். அப்புறம் மாட்டுக்கு. அப்புறம் எங்களுக்கு. அப்படிப் பூசிப் பூசிக் கல் எண்ணெய்ப் பிசுக்கேறி இருந்தது.

சர்வேயர் சார் கேட்டார். “இது அரசாங்கக் கல்லா, சாமிக் கல்லா?”

தலையாரி சொன்னார். “ரெண்டும்தாங்க.”

சங்கிலி ஆள் கரண்டியால் சுரண்டினார். மஞ்சளுக்கு அடியில் தலையில் அம்புக்குறி தெரிந்தது. “சர்க்கார் கல்லுதாங்க சார்,” என்றார். எனக்கு நிம்மதி.

பிறகு சர்வே படத்தை விரித்தார்கள். ஓடைக்கரைக் கல்லிலிருந்து இழுத்தார்கள். ஊர் எல்லைக் கல்லிலிருந்து ஒருமுறை இழுத்தார்கள். சர்வேயர் சார் நடந்து வந்து, எங்கள் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால், மேற்குச் சுவர் ஓரமாக நின்றார். முளை அடிக்கச் சொன்னார். அடித்தார்கள்.

“இங்கதான் வரணும்,” என்றார்.

என் வீட்டுக்காரர், “என்னங்க வரணும்?” என்றார்.

“கல்லு. படத்துப்படி கல்லு இங்க. இப்ப அது கெழக்க எட்டடி தள்ளி நிக்குது.”

மறுபடி இழுத்தார்கள். மறுபடியும் முளைக்குத்தான் வந்தது. ஓடைக்கரையில் சரியாக இருந்தது. வடக்கே வர வர விரிந்து, பாதை ஓரத்தில் எட்டடி. ஓடையிலிருந்து பாதை வரைக்கும் நீளமாக ஒரு முக்கோணம். இத்தனை காலம் நாங்கள் உழுதது. படத்துப்படி கொழுந்தனுடையது. அதற்குள் கொட்டகை. கொட்டகைக்குள் போர்.

நான் கரும்பைப் பார்த்தேன். வேறு எங்கும் தண்ணீர் இல்லை. வேறு இடத்தில் போட்டால் புழுதிதான். விற்றுவிட்டால் அது இந்த அம்மாவின் போர். வேலி போட்டால் வேலிக்கு அந்தப் பக்கம். என் நினைப்பில் வேறு எதுவும் ஓடவில்லை.

கொழுந்தன்தான் முதலில் பேசினார். “அண்ணே, கல்லு எப்படி எட்டடி வந்துச்சு?”

“என்னக் கேட்டா?”

“பெரியப்பா நகத்தியிருப்பாரோ?”

என் வீட்டுக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. “எங்கப்பா அடுத்தவன் மண்ணு ஒரு சாண் தொடாதவரு. ஊர்ல கேளு.”

“அப்ப கல்லு நடந்து வந்துச்சா?”

“ஒங்கப்பாவும்தான் அப்ப உசுரோட இருந்தாரு. அவருக்கு கண்ணு இல்லியா?”

“எங்கப்பா ஏமாளி. அண்ணன் சொன்னா சரிம்பாரு.”

“ஏமாளி பெத்த புள்ளதான் இப்ப என்னைய திருடன் மகங்குறியா?”

தலையாரி நடுவில் போய் நின்றார். சர்வேயர் சார் படத்தைச் சுருட்டிக்கொண்டு, “நான் படத்துல இருக்கிறத சொன்னேன். சண்டைய நீங்க வச்சுக்குங்க,” என்றார். வாங்க வந்த அம்மா முளைக்கும் கல்லுக்கும் நடுவில் நடந்து பார்த்தார். அவர் தம்பி, “லாத்தா, நம்ம போயிட்டு இன்னொரு நாளு வரலாம்,” என்றார். அக்காவை அவர்கள் லாத்தா என்பார்கள்.

இருவரும் செத்துப் போன அப்பாக்களை இழுத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் என் மாமியார் ஆட்டோடு வந்தார். யார் யார் என்று ஒருதரம் பார்த்தார்.

“என்னடா சத்தம்?”

“அப்பா கல்ல நகத்திட்டாராம்,” என்றார் என் வீட்டுக்காரர். “இவன் சொல்றான்.”

மாமியார் ஆட்டை வரப்பில் கட்டினார். அவசரப்படவில்லை.

“அவரு எங்கடா நகத்துனாரு. ஒரு கல்லு தூக்கத் தெரியுமா அந்த மனுசனுக்கு. நாங்கதான் நகத்துனோம்.”

“நாங்கன்னா?”

“நானும் இவங்க அம்மாளும்.”

கொழுந்தனைத்தான் காட்டினார். அவர் அம்மாவும் என் மாமியாரும் ஓரகத்திகள். கொழுந்தனின் அம்மா செத்து ரொம்ப நாள் ஆகிறது.

“எதுக்கு பெரியம்மா?” என்றார் கொழுந்தன்.

“வெயிலு.”

யாருக்கும் புரியவில்லை. மாமியார் கல்லைக் காட்டினார்.

“இப்ப கல்லு நிக்குதுல்ல, அங்க ஒரு வேப்பமரம் இருந்துச்சு. நீ கைப்புள்ள. கல்லு அங்க மேக்கால நின்னுச்சு, பொட்டல்ல. பொங்கலுக்கு பான வச்சா அடுப்புத் தீ ஒரு பக்கம், வெயிலு ஒரு பக்கம். ஒங்க அம்மா சொன்னா, அக்கா, பானைய மரத்தடியில வப்போம்னு. கல்ல உட்டுட்டு பானைய மட்டும் எப்படி வக்கிறது? கல்லுக்குல்ல படையலு. ஒரு மழைக்கு வண்டி ஏறி கல்லும் சாஞ்சு கெடந்துச்சு. அவ கடப்பாறை போட்டா. நான் அணைச்சேன். உருட்டிக் கொண்டாந்து மரத்தடியில நட்டுட்டோம்.”

“எங்கப்பா ஒண்ணும் கேக்கலியா?”

“அவங்களுக்கு சோறு வந்துச்சு, தின்னாங்க. மறுவருசம் வரப்பு கட்டயில கல்லப் பாத்துக் கட்டுனாங்க. கல்லு இருக்கிற எடந்தான வரப்பு.”

அந்த வேப்பமரம் நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே ஒரு புயலில் விழுந்துவிட்டதாம். வேரையும் பிடுங்கி விறகுக்கு எடுத்துவிட்டார்கள். மரம் போய்விட்டது. கல் நின்றது. நாங்கள் அந்த வெயிலில்தான் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தோம்.

சர்வேயர் சார் சொன்னார். “அம்மா, சர்வே கல்ல நகத்துனா கேசு தெரியுமா?”

“போடு,” என்றார் மாமியார். “கடப்பாறை போட்டது அவ. அவள மொதல்ல புடிச்சுட்டு வா.”

வாங்க வந்த அம்மா முக்காட்டால் வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அப்புறம் எல்லோருமே சிரித்தோம். கொழுந்தன் கண்ணைத் துடைத்தார். சிரிப்பா, அவர் அம்மா நினைப்பா, தெரியவில்லை. “எங்க ஆத்தா எம் பங்க தானே கடப்பாறை போட்டு ஒங்களுக்கு குடுத்திருக்கா அண்ணே,” என்றார். சண்டை அதோடு முடிந்தது. யாரும் திருடவில்லை.

ஆனால் போர் இன்னும் அவர் நிலத்தில்தான் இருந்தது. சிரித்தால் முளை நகராது.

அந்த அம்மாவின் தம்பி அதைச் சொன்னார். நல்ல பையன்தான். அக்கா காசுக்குக் காவலாக வந்தவர். “லாத்தா, நம்ம பேசுனது ஒரு ஏக்கர் இருவது சென்ட். படத்துல உள்ளபடிதான் வாங்கணும். மச்சான் கேட்டா என்ன சொல்றது?”

அவர் சொன்னது தப்பில்லை. நான் கொட்டகைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கெஞ்ச எனக்கு வராது.

அந்த அம்மா கொழுந்தனிடம் கேட்டார். “நீங்க வெல சொன்னப்ப போரோட சேத்தா சொன்னீங்க?”

“இல்லீங்க. போரு அண்ணனோடதுன்னுதான நெனச்சேன்.”

“நானும் போரு இல்லாத நெலம்னுதான் வெல கேட்டேன். அப்ப அது நான் கேக்காத சாமான்.”

தம்பி, “லாத்தா,” என்றார்.

“இருப்பா. நான் இங்க வூடு கட்டி இருக்கணும். இவங்க கரும்பு காயிறத தெனம் பாத்துக்கிட்டு என்னால சோறு திங்க முடியுமா? அந்த மூலைய வுட்டுட்டு மிச்சத்துக்கு வெல போடுங்க. ஒம் மச்சான்ட்ட நான் சொல்லிக்கிறேன், இன்ஷா அல்லா.”

கொழுந்தன் உடனே சொன்னார். “அப்ப முடிஞ்சுது. அந்த மூல அண்ணனோடது. போரு ஒங்களுது அண்ணி. நான் சொல்லிட்டேன், போதும்.”

என் வீட்டுக்காரரும், “போதும்டா,” என்றார். இருவரும் தோளில் கை போட்டுக்கொண்டார்கள். தலையாரி டீ குடிக்கப் போகலாமா என்று கேட்டார்.

நான், “எழுதித் தாங்க,” என்றேன்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரருக்குக் கோபம். “பங்காளிக்குள்ள பத்திரமா? ஊரு சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். வாய் வார்த்தையிலதான் கல்லு நகந்துச்சு.”

மாமியார் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். ஆட்டை அவிழ்த்துக்கொண்டு, “சரியாத்தான் சொல்றா,” என்று சொல்லிவிட்டுப் போனார். முப்பது வருசத்தில் அவர் என்னைச் சரி என்று சொன்னது அதுதான் என்று ஞாபகம். வேறு இருந்தால் எனக்குத் தெரியாது.

சர்வேயர் சார் முளை இருந்த இடத்தில் புதுக் கல் நட்டார். பழைய கல்லை என்ன செய்வது என்று சங்கிலி ஆள் கேட்டார். அதைப் பிடுங்க யாருக்கும் கை வரவில்லை. “அந்த முக்கோணத்துக்கு கெழக்கு மூலையா அது இருந்துட்டுப் போகட்டும், உட்பிரிவு பண்ணயில கணக்குல எடுத்துக்குவோம்,” என்றார் சார். அளவு போட்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்.

பெரம்பலூர் ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எல்லோரும் ஒரே பஸ்ஸில் போனோம். ஆபீசுக்கு எதிரே பத்திரம் எழுதுகிறவர் தகரப் பந்தலில் மேசை போட்டிருந்தார். அளவைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

“இதுக்கு ஒரு கிரயப் பத்திரமா? கோழி கட்டவே பத்தாதே.”

கொழுந்தன் சொன்னார். “கோழி இல்லீங்க. போரு கட்டியிருக்கு.”

“யாரு பேருக்கு எழுதணும்?”

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் பேர் சொல்ல வாயெடுத்தார். கொழுந்தன் மறித்தார்.

“அண்ணி பேருக்கு எழுதுங்க. கேட்டது அவங்க. அண்ணன் பேருக்கு எழுதுனா பத்திரத்த எங்க வச்சேன்னு ஒரு வருசம் தேடுவாரு.”

என் வீட்டுக்காரர் கொஞ்சம் யோசித்தார். “அவ பேருக்கே போடுங்க. எவ பேர்ல இருந்தாலும் தண்ணி ஒண்ணுதான்,” என்றார். ராத்திரியில் கரண்ட் வரும்போது மோட்டார் போட எழுந்து போவது நான்தான். அதை அவரும் அறிவார்.

விலைக்கு அரசு மதிப்பை எழுதினார்கள். இரண்டு கிடாய் விற்று நான் கொடுத்தேன். கொழுந்தன் வேண்டாம் என்றார். அவர் கையில் வைத்து மூடிவிட்டேன்.

அப்புறம்தான் ஒரு சிக்கல் வந்தது. பத்திரத்தில் நாலு எல்லையும் எழுத வேண்டும். எழுதுகிறவர் கேட்டுக்கொண்டே வந்தார்.

“வடக்கே?”

“வண்டிப்பாதை.”

“மேற்கே?”

“எங்க நெலம்.”

“கிழக்கே?”

“இவரு மிச்ச நெலம்.”

“தெற்கே?”

முக்கோணத்துக்குத் தெற்கே ஒரு முனைதான் இருக்கிறது.

“தெக்க ஒண்ணும் இல்லீங்க,” என்றேன். “கல்லுதான்.”

“நாப்பது வருசமா எழுதுறேன். தெக்க இல்லாத நெலம் நான் எழுதுனதில்ல. ஒரு ஆளு வேணும், இல்ல ஒரு ஓடை, பாதைன்னு ஏதாச்சும் வேணும்மா.”

“கல்லு ஓடைக்கரையிலதான் நிக்குது.”

“ஓடைன்னு எழுதிடவா?”

“ஓடை முழுக்க என்னதுன்னு ஆயிடாதா?”

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “எத்தனாவது படிச்சீங்க?”

“நாலு.”

“போதும்,” என்றார். பிறகு வெற்றிலையை மென்றுகொண்டே எழுதி, வாசித்துக் காட்டினார். ‘தெற்கே, மேற்படி கிழக்கெல்லையும் மேற்கெல்லையும் ஒன்றுகூடும் ஓடைக்கரைக் கல்லும்.’ எனக்குப் பிடித்திருந்தது.

உள்ளே போகும்போது அந்த அம்மாவின் தம்பி, பெரிய பத்திரத்தை முதலில் முடித்துவிடலாம், இது சின்னதுதானே என்றார். கேட்டால் நியாயம் மாதிரிதான் இருந்தது. ஆனால் அது முதலில் பதிந்தால், அவர்கள் பத்திரத்தில் மேற்கெல்லை கொழுந்தன் பேரில் நிற்கும். அந்த அம்மாவுக்கு அது தெரிந்திருந்தது.

“அவங்களுது முன்னாடி ஆவட்டும். அப்பத்தான் என் பத்திரத்துல மேக்க அவங்க பேரு வரும். கொல்லைக்கு அந்தப் பக்கம் யாரு இருக்காங்கன்னு எனக்கும் தெரியணும்ல.”

அப்படியே நடந்தது. கொழுந்தன் கட்டைவிரலை மையில் உருட்டி வைத்தார். முதலில் எனக்கு. பிறகு அந்த அம்மாவுக்கு. ஓடையிலிருந்து பாதை வரைக்கும் அந்த அம்மாவுக்கு மேற்கே முழுக்க நான்தான். அதை உள்ளே சத்தமாக வாசித்தார்கள். என் பேரை ஆபீசில் ஒருவர் வாசித்துக் கேட்டது அன்றைக்குத்தான்.

வெளியே வந்து எல்லோரும் பரோட்டா சாப்பிட்டோம். கொழுந்தன் வாங்கிக் கொடுத்தார். அந்த அம்மா டீ மட்டும் குடித்தார்.

அந்த அம்மா அங்கே வீடு கட்டித் தென்னை வைத்தார். முதல் கோடையில் கன்றுகளுக்கு எங்கள் போரிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் விட்டேன். கேட்கவில்லை, நானாக விட்டேன். பெருநாளைக்கு அவர் வீட்டிலிருந்து பிரியாணி வரும். பொங்கலுக்கு எங்கள் பானையிலிருந்து அங்கே போகும். பொங்கலை இப்போது கொட்டகை நிழலில் புதுக் கல்லிடம் வைக்கிறோம். பழைய கல்லுக்கும் ஒரு வாய் வைத்துவிட்டு வருவோம். மாமியார் இருந்தவரை, “எந்தக் கல்லயும் தொடாதீங்கடி,” என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

உட்பிரிவு ஆகிப் பட்டா வர நாளாயிற்று. அலைந்தேன். வந்தது. அந்த வருசம் பயிர்க் கணக்கு, அடங்கல், எழுத வி.ஏ.ஓ. வயலுக்கு வந்தார். கொட்டகைக்கு முன்னால் நின்று மோட்டார் ஓடுவதைப் பார்த்தார். கரும்பு பாய்ந்துகொண்டிருந்தது.

“போரு யாரு நெலத்துல?”

“என் நெலத்துல.”

பட்டாவைக் கேட்டார். மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பேரை எழுதினார். “எவ்வளவும்மா?” என்றார். காகிதத்தில் இருந்தது. ஆனாலும் என்னைக் கேட்டார். சொன்னேன்.

இரண்டே முக்கால் சென்ட்.